பிரிஸில்லா டீச்சரின் குரல் இருந்த லேப்டாப்

லெஸ்லி ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்த அதே மாதத்தில்தான் அங்கே முதல் கம்ப்யூட்டரும் வந்து இறங்கியது. பெரிய கிளார்க் அதன் பக்கமே போகமாட்டேன் என்றார். மேனேஜர் அதற்குத் துணி போர்த்தி, சாவியைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வயது லெஸ்லிதான் தைரியமாக நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் ரோட்டில் பிரிந்து இரண்டு கிலோமீட்டர் இறங்கினால் வரும் அந்த எஸ்டேட்டில், அன்றைக்குப் பிறகு யாருக்கு எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் "லெஸ்லி சாரைக் கூப்பிடு" என்பதுதான் வழக்கம். போதகரின் லேப்டாப், ஃபேக்டரி ஆபீசின் பிரிண்டர், அருவங்காடு குவார்ட்டர்ஸில் இருக்கும் சொந்தக்காரர்களின் பிள்ளைகள் படிக்க வாங்கியது என்று எல்லாவற்றையும் அவர் பிரித்து மாட்டியிருக்கிறார். கடையில் கொடுப்பது அவருக்குப் பிடிக்காது. "எதுக்குங்க, நானே பாத்துக்கறேன்" என்பார்.

அவர் மனைவி பிரிஸில்லா குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பாடுகிற குரல் இல்லை அவளுக்கு. கொஞ்சம் கரகரப்பு, எப்போதும் அப்போதுதான் தூங்கி எழுந்தது போல. ஆனால் அந்தக் குரல் எங்கேயும் போய்ச் சேரும். விளையாட்டு விழாவில் மைக் நின்றுபோனால் பிரிஸில்லா டீச்சரைத்தான் மேடைக்கு அனுப்புவார்கள். சாயங்காலம் லெஸ்லி வளைவு திரும்பும்போதே, வீட்டுக்குள் அவள் யாருடனோ போனில் பேசுவது கேட்கும்.

ஒரு பிப்ரவரி மாதம் அவள் வகுப்பில் "பழம்" என்று சொல்லப்போக, வேறு ஏதோ வந்து விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இன்னைக்கு எம்பிள்ளைங்க எனக்கு ழகரம் சொல்லிக் குடுத்துச்சுங்க," என்று வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். லெஸ்லியும் சிரித்தார். ஏப்ரலில் டம்ளர் கை நழுவ ஆரம்பித்தது. ஜூனில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் இருவரையும் எதிரே உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டுவிடும். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. அறிவுக்கு ஒன்றும் ஆகாது, கண்ணும் பெரும்பாலும் கடைசி வரை இருக்கும். மருந்து என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை.

அதே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் காயத்ரி என்ற பெண்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "டீச்சர், குரல் இருக்கறப்பவே உங்களுக்கு வேணுங்கற வார்த்தையெல்லாம் பேசி ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கங்க. பின்னாடி பட்டனை அமுத்துனா உங்க குரல்லயே கேக்கும். மெஷின் குரல் வேற, உங்க குரல் வேறங்க."

லெஸ்லிக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்த லேப்டாப் எட்டு வருஷப் பழசு. மெமரி நாலு ஜி.பி.தான், அதுவும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. ஸ்டார்ட் ஆகவே ஐந்து நிமிஷம் எடுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. என்கிற புதுவகை டிஸ்க்கைத் தன் கையாலேயே மாட்டினார். ஒரு நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனது. காயத்ரி சொன்ன மென்பொருளை அதில் ஏற்றினார்.

ஜூலை முதல் அக்டோபர் வரை, லீவு போட்ட நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த மத்தியானங்களிலும் பிரிஸில்லா பேசினாள். எஸ்டேட் சத்தம் உள்ளே வராமலிருக்க லெஸ்லி ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டினார். பாடக்குறிப்பு எழுதுகிற மாதிரியே அவள் ஒரு நோட்டில் தலைப்புப் போட்டு எழுதி வைத்துக்கொண்டாள். உடம்புக்கு, சாப்பாட்டுக்கு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, மகள் பெனிஸுக்கு. கடைசியாக ஒரு தலைப்பு: திட்டுவதற்கு.

"அது எதுக்கு?" என்றார் லெஸ்லி.

"திட்டாம உங்ககூட எப்படிங்க குடும்பம் நடத்தறது?"

'ஏங்க', 'தண்ணி', 'தலகாணிய மேல தூக்குங்க', 'வாம்மா பெனிஸ்', 'டீ குடிச்சிட்டுப் போங்க', 'அறிவிருக்கா உங்களுக்கு', 'சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க'. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. முந்நூறைத் தாண்டும்போதே நாக்கு குழற ஆரம்பித்திருந்தது. கடைசி நாற்பதைச் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. அடுத்த மார்ச்சில் பேச்சு முழுதாக நின்றுபோனது.

முதலில் திரையில் தெரியும் பட்டனை ஒரு விரலால் தொட்டாள். விரலும் போனபின், கண்ணைக் கவனிக்கும் ஒரு சிறிய கேமராவை வாங்கி லேப்டாப்பின் கீழே பொருத்தினார் லெஸ்லி. எந்தப் பட்டனை அவள் பார்க்கிறாளோ அது பேசும். பட்டனில் இல்லாததை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினால், அதை மெஷின் குரல் படிக்கும். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள, நாக்கு குழற ஆரம்பித்த நாளிலிருந்தே தங்கமணி வந்துகொண்டிருந்தாள். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருப்பவள், கொழுந்து பறிக்கிற வேலையை முதுகுவலியால் விட்டவள். அவள் மகள் தாரிணி காலேஜில் முதல் வருஷம்.

கேமரா வந்த பிறகு பழைய லேப்டாப் தடுமாறியது. கண்ணைக் கவனிப்பது, பட்டன் பலகையைக் காட்டுவது, குரலை எடுத்துக்கொடுப்பது என்று மூன்று வேலையும் ஒரே நேரத்தில் நடக்க நாலு ஜி.பி. மெமரி போதவில்லை. பிரிஸில்லா பார்த்து முடித்து, திரை யோசித்து, அரை நிமிஷம் கழித்துத்தான் சத்தம் வரும்.

ஒருநாள் போதகர் வந்திருந்தார். ஜெபம் பண்ணினார், சபைச் செய்தி சொன்னார், எழுந்து கும்பிட்டுவிட்டு மழைக்குக் குடையை விரித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார். அவர் தலை மறைந்த பிறகு லேப்டாப் அவளுடைய கரகரத்த குரலில் சொன்னது: "டீ குடிச்சிட்டுப் போங்க."

லெஸ்லி அவரைக் கூப்பிட வாசலுக்கு ஓடினார். மழைச் சத்தத்தில் போதகருக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது பிரிஸில்லா எழுதிக்கொண்டிருந்தாள். அது வரவும் நேரமானது.

"எல்லாரும் போனப்புறம்தான் நான் பேசறேன்."

மறுநாளே அவர் குன்னூர் பெட்போர்டில் இருக்கும் பிரசாத்தின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். புது லேப்டாப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பழசில் இருந்த விண்டோஸ் பத்துக்கு இனிமேல் அப்டேட் வராது என்ற அறிவிப்பு திரையில் வந்துவிட்டது. அந்த பிராசஸருக்குப் பதினொன்று ஏறாது. கண் கேமராவின் புது மென்பொருளோ பதினொன்றைத்தான் கேட்டது.

"எட்டு ஜி.பி. தாராளமா போதுமுங்க சார்," என்றான் பிரசாத். "மெயில் பாக்க, படம் பாக்க..."

"மெயில் பாக்க இல்ல, பிரசாத். பதினாறு குடு. பின்னாடி கூட்டற மாதிரி ஸ்லாட் இருக்கற மாடலா குடு. அவ கண்ணால பாத்த உடனே அது பேசணும். ஒரு நொடிகூட நிக்கப்படாது."

பிரசாத் மாடலைக் குறித்துக்கொண்டான். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்றான்.

அந்தச் செய்தியைச் சொன்னபோது பிரிஸில்லாவின் கண் சிரித்தது. எழுதினாள்: "பழசைத் தாரிணிக்குக் குடுங்க. அந்தப் பிள்ளை போன்லயே எழுதிப் படிக்குது." சமையலறையில் இருந்த தங்கமணி அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புது லேப்டாப் வந்த அன்றைக்குப் பிரிஸில்லா வீட்டில் இல்லை. சளி நெஞ்சில் கட்டி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் பெனிஸ் லீவு போட்டு வந்து அம்மாவோடு தங்கினாள். லெஸ்லி காலையில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானம் வீடு திரும்புவார். பிரிஸில்லா திரும்பி வரும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஒரு வெள்ளைத் தாளில் இருபத்து மூன்று வேலைகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடித்தார். மொழி, கீபோர்டு. அவள் பெயரில் கணக்கு. பாஸ்வேர்டு கேட்காமல் நேராகத் திறக்க வேண்டும், அவளால் அடிக்க முடியாது. திரை தானாக அணையக் கூடாது. அப்டேட் என்று சொல்லிக்கொண்டு நடுப்பகலில் அதுவாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் பேசும் பலகை முன்னால் வர வேண்டும். தமிழ்க் குரல். கண் கேமரா. பழைய லேப்டாப்பின் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், போட்டோக்கள் அத்தனையும் பென் டிரைவில் எடுத்துப் புதுசில் போட்டார். மென்பொருளைத் திறந்து அவள் கணக்கில் நுழைந்ததும், நானூற்றுப் பன்னிரண்டு பட்டன்களும் அதே வரிசையில், அதே நிறத்தில், இன்டர்நெட்டிலிருந்து தாமாகவே இறங்கி வந்து நின்றன. லெஸ்லி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவற்றைப் பார்த்தார். சந்தோஷமாக இருந்தது. எழுத்துப் பலகையில் "வணக்கம்" என்று அடித்துப் பார்த்தார். பேசியது. பட்டன்கள் இருக்கின்றனவா என்று பார்த்தாரே தவிர, ஒன்றையும் அமுக்கிக் கேட்கவில்லை. அன்றைக்கு ஏனோ அவள் இல்லாத வீட்டில் அவள் குரலைக் கேட்க அவருக்கு மனமில்லை.

அடுத்த நாளே அசைன்மெண்ட் கொடுக்க வேண்டும் என்று தாரிணி சொல்லியிருந்ததால், பழசையும் கையோடு முடித்துவிட நினைத்தார். நாலு ஜி.பி.க்குப் புது விண்டோஸ் ஆகாது, லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டம் போட்டால் அந்தப் பெண்ணின் படிப்புக்குத் தாங்கும். லினக்ஸ் இருந்த இன்னொரு பென் டிரைவைச் செருகினார். இந்த டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிக்கப்படும், தொடரலாமா என்று திரை கேட்டது. அந்தக் கேள்வியை அவர் வாழ்க்கையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். சரி என்று அமுக்கினார். அரை மணி நேரத்தில் பழைய லேப்டாப் புதுப்பெண் போல எழுந்து நின்றது. சாயங்காலம் தங்கமணி அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

ஒன்பதாம் நாள் பிரிஸில்லா வீட்டுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். கட்டிலைச் சாய்த்து, கண்ணுக்கு நேரே புது லேப்டாப்பை வைத்தார் லெஸ்லி. கேமரா அவள் கண்ணைப் பழகிக்கொள்ள ஐந்து புள்ளிகள் வந்து போயின. எல்லாம் கண்மூடித் திறக்கும் நேரம்தான். பெனிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தங்கமணி வாசற்படியில் நின்றாள்.

பிரிஸில்லா முதல் பட்டனைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றது லேப்டாப் உடனே.

அது தெளிவான, சுத்தமான, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பெண்ணின் குரல்.

 பிரிஸில்லா அடுத்ததைப் பார்த்தாள். "வாம்மா பெனிஸ்," என்றது அதே பெண். அடுத்ததைப் பார்த்தாள். "அறிவிருக்கா உங்களுக்கு," என்று செய்தி வாசிப்பது போல அந்தப் பெண் சொன்னாள். பிரிஸில்லாவின் கண் பட்டனை விட்டு நகர்ந்து லெஸ்லியிடம் வந்து நின்றது.

"ஏதோ செட்டிங்தான். ரெண்டு நிமிஷம். இரு, நான் பாத்துக்கறேன்," என்று அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மென்பொருளின் உதவிப் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. பலகையும் பட்டனும்தான் இன்டர்நெட்டில் போய்ச் சேரும். பேசிப் பதிந்த ஒலி அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்த ஒரு ஃபோல்டரில் இருக்கும். புதுசுக்கு மாறினால் அதைத் தனியாக எடுக்க வேண்டும். ஒலி இல்லாவிட்டால் பட்டனில் எழுதியிருப்பதை மெஷின் குரல் படிக்கும்.

அவர் செருப்புக்கூட ஒழுங்காக மாட்டாமல் லைனுக்கு நடந்தார். தாரிணி பாயில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "இதைக் கொஞ்சம் குடும்மா," என்று மூடி எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க அங்கிள், நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டனுங்களா?"

"இல்லம்மா, நீ ஒண்ணும் பண்ணல."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போனார். அழிந்த டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருகிற கடை ஒன்று காந்திபுரத்தில் இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயது அம்மாள், வேலாமணி என்று பெயர், டிஸ்க்கைக் கழற்றித் தன் கருவியில் மாட்டினார். மத்தியானம் வரை ஓட்டிப் பார்த்தார்.

"பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா சுரண்டியாவது கொஞ்சம் எடுத்துக் குடுத்திருப்பனுங்க. இது எஸ்.எஸ்.டி.ங்க. அழிச்சதுமே உள்ளாற தானாவே தொடச்சு வெச்சுக்கும். அதுக்கு மேல புது சிஸ்டம் வேற ஏத்தி ஓட்டியிருக்குது." கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "என்னங்க இருந்துச்சு? போட்டோவுங்களா?"

"என் சம்சாரத்தோட குரலுங்க. அவளால இப்பப் பேச முடியாது."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "இன்னொருக்கா ஓட்டிப் பாக்கறனுங்க," என்று திரும்பவும் மாட்டினார். ஒன்றும் வராது என்று அவருக்கும் தெரியும், லெஸ்லிக்கும் தெரியும். நாலு மணி வரை லெஸ்லி அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மலை ஏறும் பஸ்ஸில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என்ன சொல்வது என்று ஒவ்வொரு விதமாக யோசித்தார். வீட்டுக்குப் போய்க் கட்டிலருகில் நின்றார். "பிரிசி," என்றார், அவ்வளவுதான்.

புது லேப்டாப் வேகமானது. அவள் பார்த்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டது.

"தெரியும்."

உடனே அடுத்தது. "சாப்பிட்டீங்களா?"

அந்தக் கேள்வியை அந்த வேற்றுக் குரலில் கேட்டதும் லெஸ்லி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். முப்பது வருஷத்தில் பெனிஸ் தன் அப்பா அழுது பார்த்தது அன்றைக்குத்தான்.

கோபம் பிறகு வந்தது. மூன்று நாள் பிரிஸில்லா பேசவில்லை. லேப்டாப்பைக் கொண்டுவந்தால் கண்ணை மூடிக்கொண்டாள். மருந்துக்கு மட்டும் திறந்தாள். நாலாம் நாள் அவளாகவே திரையைப் பார்த்து எழுதினாள். லெஸ்லி பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். செத்துப்போயிடல."

"ஆமா," என்றார் லெஸ்லி.

"எல்லாம் நீங்களே பாத்துக்கறேன்னு செய்வீங்க. எப்பவும்."

"ஆமா."

 பிறகு எழுதினாள். "பின்னாடிக்குன்னு கொஞ்சம், பலகையில தெரியாம, தனியாப் பேசி வெச்சிருந்தேன். நீங்க ஆபீஸ் போனப்புறம், தங்கமணியப் பட்டன் அமுக்கச் சொல்லி. பெனிஸுக்கு ரெண்டு. உங்களுக்கு ஒண்ணு."

அந்த மூன்றும் இருந்ததே லெஸ்லிக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது.

தாரிணியின் லேப்டாப் அலமாரி மேலேயே கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது பிரிஸில்லாதான். லெஸ்லி டிஸ்க்கை மாட்டி, கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் காலை தங்கமணி அதைப் பழைய துண்டிலேயே சுற்றித் திரும்பக் கொண்டுவந்து, வாசலிலேயே நின்றாள்.

"இது எங்கூட்டுல இருக்க வேண்டாமுங்க சார். பாக்கப் பாக்க வயிறு எரியுதுங்க. எங்களுக்குக் குடுக்கோணும்னுதான அழிச்சீங்க."

லெஸ்லி அதைக் கையில் வாங்கவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தங்கமணி. எடுத்துட்டுப் போ. பிள்ளை படிக்கட்டும்."

அந்தக் குரலில் அதட்டல் எதுவும் இல்லை. ஆனால் தங்கமணிக்கு டீச்சர் அதட்டியது கேட்டிருக்க வேண்டும். "சரிங்க டீச்சர்," என்று எடுத்துக்கொண்டு போனாள்.

லெஸ்லி சும்மா இருக்கவில்லை. பிரிஸில்லா எப்போதாவது வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்பியது யாரிடமாவது இருக்குமா என்று தெரிந்த எல்லோரையும் கேட்டார். அவளோடு வேலை பார்த்த டீச்சர்கள், கோத்தகிரியில் இருக்கும் அவள் அக்கா செலஸ்டின், சபைப் பெண்கள். போனில் இடமில்லை என்று பெரும்பாலானவர்கள் எப்போதோ அழித்திருந்தார்கள். எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது கிடைத்தன. "பஸ் ஏறிட்டேன்." "அந்த சர்க்குலரை அனுப்பிட்டியா?" "அக்கா, கேரட் வேண்டாம், போன வாரத்துதே இருக்கு." பெனிஸிடம் ஒன்று இருந்தது: "சாப்பிட்டியா, மழையில நனையாத, வெக்கறேன்." லெஸ்லி அதைப் பட்டனில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டினார்.

நோய்க்கு முந்தைய குரல் அது. நன்றாக, பலமாக, அவசரமாக இருந்தது. பிரிஸில்லா இரண்டு முறை கேட்டாள். கண்ணோரத்தில் நீர் இறங்கியது. தங்கமணி துடைத்துவிட்டாள்.

"எடுத்துடுங்க," என்று எழுதினாள். "இந்தம்மா நோயில்லாம நல்லா இருக்காங்க. இவங்க என் சார்பா பேச வேண்டாம்."

அதன் பிறகு அவள் மெஷின் குரலோடேயே இருந்தாள். அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். சுருதியைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு வந்த போதகரை, அவர் எழுவதற்கு முன்பே, டீ குடிக்க வைத்தாள். அவள் பழைய மாணவர்கள் நாலு பேர் வந்தபோது வாய்ப்பாடு கேட்டாள், ஒருவன் ஏழாம் வாய்ப்பாட்டில் தப்புச் சொல்ல, உடனே திருத்தினாள். லெஸ்லி அப்போதெல்லாம் சமையலறைக்குப் போய்விடுவார். யாராவது பேசி, தாமதமில்லாமல் அவள் பதில் வரும் ஒவ்வொரு முறையும், தான் வாங்கியது சரியான லேப்டாப் என்பது அவருக்கு உறைத்தது. அதைத் தாங்க முடியவில்லை.

ஜனவரியில் ஒருநாள், வெயில் வந்து புல்லில் உறைந்த பனி கரைந்துகொண்டிருந்த காலை நேரம், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"எனக்குன்னு பேசினியே பிரிசி. அதில என்ன சொல்லியிருந்தே?"

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"மறந்துபோச்சு."

பத்து வருஷத்துக்கு முன் மூன்றாம் வகுப்பில் யார் எந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லக்கூடியவள் அவள். லெஸ்லி திரும்பக் கேட்கவில்லை.

பிப்ரவரியில் மறுபடி நெஞ்சில் சளி கட்டியது. இந்த முறை ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவள் முன்பே எழுதி, டாக்டரிடமும் சொல்லியாயிற்று. கடைசியாக அவள் பேசிய வார்த்தை "ஜன்னல்" என்பது. திறக்கவா மூடவா என்று லெஸ்லி கேட்டார். அதற்குள் அவள் களைத்துக் கண்ணை மூடிவிட்டாள். அவர் திறந்தார், பிறகு குளிருமே என்று பாதி மூடினார். இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு, பெனிஸ் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்றது. அடக்கத்துக்கு அவளிடம் படித்தவர்கள் மலை முழுவதிலுமிருந்து வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை.

பெனிஸ் ஒரு மாதம் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினாள். லெஸ்லி ஆபீசுக்குப் போய்வந்தார். யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், "பிரசாத் கடையில குடுங்க, நல்லாப் பண்ணுவான்," என்று அனுப்பிவிட்டார்.

தங்கமணி வேறு வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருக்குக் கீரைப் பொரியல் செய்து எடுத்து வந்தாள். லெஸ்லி அவளை உட்காரச் சொன்னார்.

"தங்கமணி, டீச்சர் எனக்குன்னு பேசினப்போ நீ பக்கத்துல இருந்தியாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "யாருகிட்டயும் சொல்லப்படாதுன்னு டீச்சர் சொன்னாங்க சார்."

"இனி சொல்லலாம்மா."

"பட்டன அமுக்கிப்போட்டு நான் அங்கயேதானுங்க நின்னேன். அப்பவே கையி சரியா வராதில்லைங்களா அவங்களுக்கு." யோசித்து யோசித்துச் சொன்னாள். "மொதல்ல உங்க பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. நான் யாரையோ கூப்புடறாங்கன்னு பயந்து வாசலப் பாத்தனுங்க. அப்பறம் சிரிச்சாங்க."

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் பிரிஸில்லா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"அப்புறம்?"

"பாதி கொழறிப் போச்சுங்க சார், எனக்கு வெளங்கல. மேட்டுப்பாளையம்னாங்க. ரயிலுன்னாங்க. நனஞ்ச செருப்புன்னு ஒண்ணு சொல்லிச் சிரிச்சாங்க."

லெஸ்லிக்கு விளங்கியது. கல்யாணமான நாலாம் நாள் மலை ரயிலில் ஏறி வந்தபோது, ஹில்குரோவ் ஸ்டேஷனில் அவள் செருப்பு ஒன்று இருப்புப்பாதையில் விழுந்துவிட்டது. கொட்டுகிற மழையில் இறங்கித் தேடி, ரயில் நகர ஆரம்பித்த பிறகு ஓடிவந்து ஏறி, வேறு யாருடைய செருப்பையோ அவளிடம் கொடுத்தார் அவர். அதையேதான் அவள் குன்னூர் வரை போட்டுக்கொண்டு வந்தாள்.

"அப்புறம் என்ன சொன்னா?"

"அழுதாங்க. நிறுத்துன்னு கண்ணக் காட்டுனாங்க, நிறுத்தினேன். மறுக்கா போடச் சொன்னாங்க. இன்னும் கொஞ்ச நேரம் பேசுனாங்க." தங்கமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அது என்னன்னு எனக்கு நெனவில்லீங்க சார். மெஷின்லதான் இருக்குதே, நாம எதுக்கு நெனவு வெச்சுக்கோணும்னு இருந்துட்டனுங்க."

லெஸ்லி தலையை ஆட்டினார். 

"மொதல்ல கூப்பிட்டான்னு சொன்னியே," என்றார். "எப்படிக் கூப்பிட்டா?"

சாரின் பேரை வாயால் சொல்லத் தங்கமணிக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, மெல்ல, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னாள்.

"லெஸ்லீ."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள்.

"அவங்க சொன்னாப்பல எனக்கு வராதுங்க சார்," என்றாள்.

"தெரியும்மா," என்றார் லெஸ்லி.